பதினேழரைச் சுற்று



போன ஞாயிற்றுக்கிழமை பேரனின் ரேடியோ கார் பந்தய வீடியோவைப் போட்டிருந்தேன். வாழ்த்துகள் நிறைய வந்தன, நன்றி. நடுவில் இரண்டு கேள்விகள். ஒன்று பொள்ளாச்சியிலிருந்து என் அக்கா கேட்டது: "தம்பி, அந்தக் கார்ல ஒரு லைட்டு விட்டு விட்டு எரியுது. வயர் லூசா இருக்குதான்னு பாரு." இன்னொன்று, கோவையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன் கேட்டது: "சார், மோட்டார் மேல 17.5 டர்ன்னு போட்டிருக்கு. முப்பது வருஷமா காயில் கட்டறேன். அரைச் சுத்து எப்படி சார் கட்டுவாங்க?"

இரண்டுக்கும் ஒவ்வொரு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதுதான் தெரிந்தது, அந்த விளக்குக்கும் அந்த அரைச் சுற்றுக்கும் பின்னால் ஏறக்குறைய ஐம்பது வருட வரலாறு இருக்கிறது. மகள் வீட்டுக்கு வந்து ஐந்து மாதமாகிறது. வாரம் ஒருமுறை பேரனோடு அந்தப் பந்தயக் கூடத்துக்குப் போய், கம்பளம் விரித்த தடத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதுதான் இங்கே எனக்கு வேலை. உட்கார்ந்து உட்கார்ந்து கொஞ்சம் கற்றுக்கொண்டேன். பதிவு நீளம். பீரியடு முடிந்து மணி அடித்தாலும் விடாத வாத்தியார் என்று பெயர் வாங்கியவன்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரேடியோவில் ஓட்டும் பந்தயக் கார்கள் முதலில் மின்சாரத்தில் ஓடவில்லை. மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருளில் ஓடும் சின்ன எஞ்சின்கள்தான். காதைப் பிளக்கும் சத்தம், புகை, தரையெல்லாம் எண்ணெய். காலியாகக் கிடக்கும் பெரிய கார் நிறுத்துமிடங்களில்தான் ஓட்ட முடியும். இந்தப் பந்தயங்களுக்கு விதி எழுத 1967-ல் அமெரிக்காவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெயரைச் சுருக்கினால் 'ரோர்'. கர்ஜனை என்று பொருள் வரும். அன்றைய சத்தத்துக்குப் பொருத்தம்தான். இந்தக் கதையில் அந்தச் சங்கம் அடிக்கடி வரும்.

மின்சாரக் காரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது ஜப்பானில் ஷிசுவோகா என்ற ஊரில் உள்ள டாமியா நிறுவனம். அவர்கள் ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாதிரிகள் செய்பவர்கள். போர்ஷே 934 என்ற பந்தயக் காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்ய முடிவெடுத்தார்கள். அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்த ஷுன்சாகு டாமியா அதற்காக ஒரு நிஜமான போர்ஷே 911 காரையே வாங்கிப் பிரித்துப் போட்டுப் பார்த்தார். பிரித்ததைத் திரும்பப் பூட்ட முடியாமல் போர்ஷே ஆட்களையே வரவழைத்தாராம்! அச்சு செய்த செலவு எக்கச்சக்கம். அதே உடம்புக்குள் மோட்டாரும் பேட்டரியும் ரேடியோவும் வைத்து விற்றால் முதலை எடுத்துவிடலாம் என்று தோன்றியது. 1976 டிசம்பரில் அந்தக் கார் கடைக்கு வந்தது. முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது.

அந்தக் காருக்குள் இருந்தது மபுச்சி என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஆர்எஸ்-540 மோட்டார். வெள்ளி நிறத் தகர டப்பா, விட்டம் சுமார் 36 மில்லிமீட்டர், நீளம் சுமார் 50 மில்லிமீட்டர். பெருவிரலை விடக் கொஞ்சம் பருமன். அந்த 540 என்ற எண், நாம் எந்தப் போட்டோ நகலையும் ஜெராக்ஸ் என்பது மாதிரி, அந்த அளவு மோட்டாருக்கெல்லாம் பெயராக நின்றுவிட்டது. யார் செய்தாலும், உள்ளே எது இருந்தாலும், இந்த அளவு என்றால் இன்றும் 540தான்.

இதைக் கவனியுங்கள். பெட்டியை வாங்கிய எல்லோரிடமும் ஒரே மோட்டார். ஆகவே மோட்டார் வகுப்பு என்று ஒன்று தேவைப்படவே இல்லை. யாரும் திட்டமிடாமல் தானாக அமைந்த சமத்துவம். அது ரொம்ப நாள் நிலைக்கவில்லை.

1970-களின் இறுதியில் அமெரிக்காவில் பன்னிரண்டில் ஒரு பங்கு கார்களுக்குப் பந்தயம் சூடு பிடித்தது. சத்தமில்லை, புகையில்லை, ஒரு கூடத்துக்குள் கம்பளம் விரித்தே ஓட்டலாம். 1982-ல் கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் உலகப் போட்டியே நடந்தது. போட்டி என்று வந்துவிட்டால் மோட்டாரைச் சும்மா விடுவார்களா? டப்பாவைப் பிரித்து, ஆர்மேச்சரில் தொழிற்சாலை சுற்றிய கம்பியை வெட்டி எறிந்துவிட்டு, கையால் புதிதாகச் சுற்ற ஆரம்பித்தார்கள். மைக் ரீடி போன்றவர்கள் இதையே தொழிலாக்கிப் பெயர் வாங்கினார்கள். (வைண்டிங் கடைக்காரத் தம்பி, நீ செய்யும் அதே வேலைதான். என்ன, மூன்று பல் ஆர்மேச்சர், பாக்கை விடக் கொஞ்சம் பெரிசு.)

இங்கே ஒரு பழைய பாடம். காயிலில் சுற்று கூடினால் காந்தப்புலம் கூடும் என்று பத்தாம் வகுப்பில் எழுதியிருப்பீர்கள். அப்படியானால் வேகமாக ஓட அதிகச் சுற்று வேண்டுமல்லவா? நடந்தது நேர்மாறு. பந்தயக்காரர்கள் சுற்றைக் குறைத்துக்கொண்டே போனார்கள்.

காரணம் எதிர் மின்னியக்கு விசை. சுழலும் காயில் தானே ஒரு டைனமோ மாதிரி, பேட்டரிக்கு எதிராக ஒரு வோல்டேஜை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். வேகம் கூடக்கூட அதுவும் கூடும். ஏறக்குறைய அது பேட்டரி வோல்டேஜை எட்டும் இடம்தான் மோட்டாரின் உச்ச வேகம். சுற்று பாதியானால் இந்த எதிர்ப்பு உருவாவதும் பாதியாகும். ஆகவே அதே பேட்டரியில் மோட்டார் இரண்டு மடங்கு வேகம் வரை ஓடப் பார்க்கும். சுற்று குறைந்தால் அந்த இடத்தில் தடித்த கம்பி போடலாம், மின்தடையும் குறையும், கரண்ட் வெள்ளமாகப் பாயும். விலை என்னவென்றால் ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் இழுவை குறையும், சூடு கூடும், பேட்டரி சீக்கிரம் காலியாகும்.

டாமியா பெட்டியில் வந்த வெள்ளி மோட்டாரில் 27 சுற்று. 7.2 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 15,000 தடவை சுழலும். கையால் சுற்றியவர்கள் பதினைந்து, பதின்மூன்று, பத்து என்று இறங்கினார்கள். ஒரே கம்பிக்குப் பதில் இரண்டு மூன்று மெல்லிய கம்பிகளைச் சேர்த்தும் சுற்றினார்கள்.

அப்படியானால் ஒற்றை இலக்கத்துக்கே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அன்றைக்குப் போக முடியாது. தடுத்தது விதி அல்ல, பேட்டரி. 1980-களின் தொடக்கத்தில் நிக்கல் காட்மியம் செல்களின் கொள்ளளவு 1200 மில்லி ஆம்பியர் மணி. பன்னிரண்டில் ஒரு பங்கு காருக்குப் பந்தயம் எட்டு நிமிடம். கணக்குப் போடுங்கள்: 1.2 பெருக்கல் 60, வகுத்தல் 8. சராசரியாக 9 ஆம்பியர்தான் செலவழிக்கலாம். அதற்கு மேல் குடிக்கிற மோட்டாரைப் போட்டால் ஐந்தாவது நிமிடம்வரை ராஜா, ஆறாவது நிமிடத்தில் கார் தடத்தின் நடுவில் படுத்துவிடும். மண் தடத்தில் ஓடும் பெரிய கார்களுக்குப் பந்தயமே நான்கு நிமிடம், ஆக 18 ஆம்பியர். இன்றைய லித்தியம் பாலிமர் பேட்டரி 5000-க்கு மேல், பந்தயம் ஐந்து நிமிடம். அதே கணக்கில் 60 ஆம்பியர்.

எனக்கு இந்த மொத்தக் கதையிலும் மிகவும் பிடித்த இடம் இது. ஆரம்ப காலத்தில் பேட்டரியே நடுவராக இருந்தது. பணக்காரன் வாங்கிய மோட்டாரையும் ஏழை வாங்கிய மோட்டாரையும் அதே 1200 கட்டிப்போட்டது. பேட்டரி 1700, 2400, 3000 என்று வளர வளர அந்த நடுவர் ஒதுங்கிக்கொண்டார். அவர் விட்ட இடத்தைக் காகிதத்தில் எழுதிய விதிகள் நிரப்ப வேண்டியதாயிற்று.

ஆக இரண்டு வகுப்புகள். ஒன்று மாடிஃபைடு, அதாவது என்ன வேண்டுமானாலும் செய்துகொள். இன்னொன்று ஸ்டாக், தொழிற்சாலையில் வந்தபடியே ஓட்டு. புதிதாக வரும் பையனும், வாரம் ஒருநாள் ஓட்டும் குடும்பத்தலைவரும் செலவில்லாமல் போட்டி போடத்தான் ஸ்டாக். பின்னால் இரண்டுக்கும் நடுவில் 19 சுற்றுக்கு ஒரு வகுப்பும் வந்தது.

ஸ்டாக் மோட்டாருக்கு 'ரோர்' சங்கம் எழுதிய விதியில் இரண்டு எண்கள் அந்தக் காலத்துப் பந்தயக்காரர்களுக்கு இன்றும் மனப்பாடம்: 27 சுற்று, 24 டிகிரி. 27 தெரியும். 24 டிகிரி என்ன?

பேருந்து நிறுத்தத்தில் சரியாக நிற்க வேண்டுமானால் டிரைவர் நிறுத்தத்துக்கு வந்த பிறகா பிரேக்கை மிதிப்பார்? முன்கூட்டியே மிதிப்பார். வேகம் அதிகமானால் இன்னும் முன்கூட்டி. மோட்டாருக்குள்ளும் அப்படித்தான். கம்யூட்டேட்டர் மேல் உட்கார்ந்திருக்கும் கார்பன் பிரஷ் ஒவ்வொரு காயிலிலும் கரண்டைத் திசை மாற்றிவிட வேண்டும். காயிலில் கரண்ட் சட்டென்று திசை மாறாது, கொஞ்சம் நேரம் எடுக்கும். ஆகவே பிரஷ்ஷைச் சற்றுத் திருப்பி வைத்து, முன்கூட்டியே மாற்ற ஆரம்பித்தால் மோட்டார் இன்னும் வேகமாகச் சுழலும். எத்தனை டிகிரி திருப்புவது என்பதைத்தான் டைமிங் என்கிறார்கள். கூட்டினால் வேகம், கூடவே சூடும் தீப்பொறியும். மாடிஃபைடு மோட்டாரில் பின்மூடியைத் திருகி இஷ்டம்போல வைத்துக்கொள்ளலாம். ஸ்டாக்கில் 24-க்கு மேல் அசையக் கூடாது என்று பூட்டினார்கள்.

சுற்றும் பூட்டியாகிவிட்டது, கோணமும் பூட்டியாகிவிட்டது. இனி எல்லோரும் சமம்தானே?

தொழிற்சாலையில் இருந்து ஆயிரம் மோட்டார் வந்தால் ஆயிரமும் ஒன்றல்ல. ஒன்றில் காந்தம் ஒரு மயிரிழை பலமாக இருக்கும், இன்னொன்றில் கம்பி கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றியிருக்கும். காசு உள்ளவர்கள் ஒரு டஜன் ஸ்டாக் மோட்டார் வாங்கி, ஒவ்வொன்றையும் சோதனைக் கருவியில் ஓட்டிப் பார்த்து, நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டார்கள். விதிப்படி ஒரு தவறும் இல்லை. இதுபோக பிரஷ்ஷில் எத்தனை ரகம், அதை அழுத்தும் ஸ்பிரிங்கில் எத்தனை ரகம். புது மோட்டாரைத் தண்ணீரில் மூழ்கவைத்து ஓட்டி பிரஷ்ஷைப் படியவைப்பார்கள். சூட்டில் பலம் குறைந்த காந்தத்துக்கு மீண்டும் காந்தம் ஏற்ற ஒரு கருவி. ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு புது மாடல். போன வருட மோட்டார் இந்த வருடம் குப்பை.

மூடி சீல் வைத்த ஸ்டாக் மோட்டாரில் கம்யூட்டேட்டர் தேய்ந்தால் தூக்கி எறியத்தான் வேண்டும். பாவம், செலவாகிறதே என்று 1990-களில் பிரித்துச் சரிசெய்யக்கூடிய ஸ்டாக் மோட்டாரை அனுமதித்தார்கள். நல்ல எண்ணம். பிரிக்கலாம் என்றதும் தேய்ந்த கம்யூட்டேட்டரைச் சீவ ஆளுக்கொரு குட்டி லேத் தேவைப்பட்டது! ஸ்டாக் மோட்டாரின் விலை சில பத்து டாலர், அதைப் பராமரிக்கும் லேத்தின் விலை அதைப்போலப் பல மடங்கு. ஒவ்வொரு இரண்டு மூன்று ஓட்டத்துக்கும் ஒருமுறை சீவினவன் முன்னால் போனான், சீவ முடியாதவன் பின்னால் போனான். ஏழைக்கென்று வைத்த வகுப்பில் ஜெயிப்பது மாடிஃபைடை விடச் செலவு பிடிக்கிறது என்று அந்தக் காலத்தில் ஓட்டிய ஒரு பெரியவர் இங்கே என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொன்று ஞாபகத்துக்கு வந்தது. பிளஸ் டூ பிராக்டிகலில் சீட்டுக் குலுக்கிப் போட்டுச் சோதனையை எடுக்கச் சொல்வோம். சீட்டு நியாயமானது, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சீட்டில் வரும் சோதனைக்கு மேசைமேல் இருக்கும் கருவி? நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் கால்வனோமீட்டர் இரண்டு நல்லது, ஒன்று முள் சிக்கிச் சிக்கி நகரும். அந்த மேசை யாருக்கு வந்ததோ அவன் ரீடிங் தப்பு. ஒரு வருடம் ஒரு பையன் "சார், முள்ளு நிக்க மாட்டேங்குது" என்று இரண்டு தடவை சொன்னான். "ஒழுங்கா கனெக்‌ஷன் குடுடா" என்று அதட்டிவிட்டு நகர்ந்தேன். மாலையில் கருவியைப் பெட்டியில் வைக்கும்போது நானே இணைத்துப் பார்த்தேன். முள் நிற்கவில்லை. மதிப்பெண் பட்டியல் அதற்குள் போய்விட்டது. அவன் இந்தப் பதிவை வாசிக்கிறானா தெரியாது. பெயர் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சரி, கதைக்கு வருவோம்.

2000-களின் தொடக்கத்தில் பிரஷ்லெஸ் வந்தது. கலிஃபோர்னியாவில் பாப் நோவாக் என்பவர் நடத்திய நோவாக் நிறுவனம் கார்களுக்கான பிரஷ்லெஸ் மோட்டாரையும் அதை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியையும் சேர்த்து விற்க ஆரம்பித்தது. இதில் எல்லாம் தலைகீழ். காந்தம் நடுவில் சுழலும், காயில் வெளியே அசையாமல் இருக்கும். பிரஷ் இல்லை, கம்யூட்டேட்டர் இல்லை. ரோட்டர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை உள்ளிருக்கும் ஹால் சென்சார்கள் சொல்லும், எந்தக் காயிலுக்குக் கரண்ட் கொடுப்பது என்பதைக் கருவி முடிவு செய்யும். சீவ ஒன்றும் இல்லை. லேத்துகள் பரணுக்குப் போயின. ஒரு மோட்டார் வருடக்கணக்கில் உழைத்தது. சண்டை ஓய்ந்தது என்றுதான் நினைத்தார்கள்.

தம்பி, உன் அரைச் சுற்று இங்கேதான் வருகிறது. உனக்கு ரொம்பச் சுலபம். பம்ப் மோட்டாருக்கு ஸ்டார் இணைப்புக் கொடுக்கிறாய் அல்லவா, மூன்று ஃபேஸின் ஒரு முனைகளையெல்லாம் ஒன்றாக முறுக்கி? இங்கேயும் அதே மூன்று ஃபேஸ், அதே ஸ்டார். ஆனால் இந்த மோட்டாரில் மின்சாரம் நுழையும் முனைகள் பின்பக்கம், மூன்றையும் ஒன்றாகச் சேர்க்கும் முடிச்சு முன்பக்கம். கம்பி பின்பக்கம் நுழைந்து பல்லைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் பின்பக்கம் திரும்பாமல் முன்பக்கமே நின்றுவிடுகிறது. அந்தக் கடைசிச் சுற்று பாதியில் முடிகிறது. 17 முழுச் சுற்று, ஒரு அரை. அதனால்தான் 21.5, 17.5, 13.5, 10.5 என்று இந்த மோட்டார்களில் எல்லாம் ஒரு .5 ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய 27-ஐப் புது மோட்டாரில் எந்த எண்ணுக்கு ஈடாக வைப்பது என்று சில வருடம் இழுபறி நடந்தது. முதலில் 13.5 என்றார்கள், அது வேகம் அதிகம் என்று தெரிந்தது. கடைசியில் ஸ்டாக் என்றால் 17.5, அதற்கு மேல் சூப்பர் ஸ்டாக் என்றால் 13.5, ஆரம்பக்காரர்களுக்கு 21.5 என்று பெரும்பாலான இடங்களில் படிந்தது. மாடிஃபைடில் இன்று நாலரை, ஆறரைச் சுற்று எல்லாம் சாதாரணம். அறுபது ஆம்பியர் கணக்கை ஞாபகம் வைத்திருந்தால் எப்படி என்று புரியும்.

இதே சமயத்தில் லித்தியம் பாலிமர் பேட்டரியும் வந்துவிட்டது. இனி மோட்டாருக்குள் செய்ய ஒன்றும் இல்லை. ஆகவே கைவரிசை மோட்டாரை விட்டு வெளியே போனது.

24 டிகிரி ஞாபகம் இருக்கிறதா? முன்பு அதைப் பூட்ட முடிந்தது, ஏனென்றால் அது ஒரு தகர மூடியின் கோணம். இப்போது கரண்டை எப்போது மாற்றுவது என்பதைத் தீர்மானிப்பது கட்டுப்பாட்டுக் கருவியில் இருக்கும் மென்பொருள். அதற்குள் யார் கோணமானியை வைத்து அளப்பது? 2000-களின் கடைசியில் கருவி செய்யும் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக, மோட்டார் வேகமெடுக்க வேகமெடுக்க டைமிங்கைத் தானே கூட்டிக்கொண்டு போகும் புரோகிராம்களை வெளியிட்டன. பூஸ்ட் என்றும் டர்போ என்றும் பெயர். 17.5 என்று முத்திரை குத்திய மோட்டார், நேர்கோட்டில் பத்தரைச் சுற்று மோட்டார் மாதிரி பாய்ந்தது. புதுப் புரோகிராம் வந்த வாரம் ஜெயித்தவன், வேறு நிறுவனம் அடுத்ததை வெளியிட்டதும் பின்னால் போனான். மோட்டார்கள் சூட்டில் கருகின. விதிப்புத்தகத்தில் இருந்தது சுற்று எண்ணிக்கைதான், அதை யாரும் மீறவில்லை.

ஆரம்பக்காரர்கள் மெல்ல மெல்ல நின்றுபோனார்கள். ஸ்டாக் வகுப்பு காலியானால் கிளப்பே காலி, ஏனென்றால் நுழைவுக் கட்டணம் கட்டும் கூட்டம் அங்கேதான் இருக்கிறது. 2010-ஐ ஒட்டி அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கருவிக்குள் டைமிங் சுத்தமாகப் பூஜ்யமாக இருக்கும் ஒரு நிலையை நிறுவனங்கள் வைக்க வேண்டும். அந்த நிலையில் இருக்கிறது என்பது வெளியே நிற்பவனுக்குத் தெரிய வேண்டும். எப்படித் தெரியும்? கருவியில் ஒரு சின்ன விளக்கு விட்டு விட்டு எரிய வேண்டும். பூஸ்ட் இருந்தால் மின்னாது. இந்தப் பந்தய வகுப்புக்கே இங்கே எல்லோரும் 'பிளிங்கி' என்றுதான் சொல்கிறார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் மினுக்கி.

அக்கா, நீங்கள் பார்த்தது அதைத்தான். வயர் லூஸ் இல்லை. அந்த விளக்கு விட்டு விட்டு எரிந்தால்தான் பேரன் ஒழுங்காக ஓட்டுகிறான் என்று அர்த்தம். எரியாமல் இருந்தால்தான் நீங்கள் கவலைப்பட்டுக் கேட்டிருக்க வேண்டும்!

அத்தோடு முடிந்ததா? இல்லை. கருவியில் பூஜ்யம் என்றாகிவிட்டது, ஆனால் மோட்டாரின் பின்மூடியைத் திருப்பிச் சென்சாரின் இடத்தை மாற்றலாம், அது பெரும்பாலும் அனுமதிதான். கொஞ்சம் திருப்பினால் கொஞ்சம் வேகம். அடுத்து, காயிலின் மின்தடை. பதினேழரைச் சுற்றுக்குள்ளேயே மின்தடை ஆயிரத்தில் சில பங்கு ஓம் குறைந்தால் லாபம். ஆகவே விதியில் குறைந்தபட்ச மின்தடை எழுதினார்கள், ரோட்டரின் விட்டத்துக்கு எல்லை எழுதினார்கள். எல்லை எழுதிய மறுநாள், எல்லையை மூக்கு உரசும் மோட்டார்களைத் தேடிப் பொறுக்க ஆரம்பித்தார்கள். முன்பு காசுக்காரர் ஒரு டஜன் வாங்கிப் பொறுக்கினார். இப்போது கடைக்காரரே அளந்து பொறுக்கி, சான்றிதழோடு, கூடுதல் விலைக்கு விற்கிறார். வேலை மிச்சம்.

சில இடங்களில் வேறு பாதை. ஐரோப்பாவில் நடக்கும் சில பெரிய தொடர்களில் எல்லோருக்கும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடல் மோட்டார், பல்சக்கர விகிதமும் பூட்டு. இன்னும் சில போட்டிகளில் மோட்டாரை அமைப்பாளர்களே அன்று காலையில் கையில் கொடுத்து, மாலையில் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். எது யாருக்கு என்பது குலுக்கல். நம் பிராக்டிகல் சீட்டேதான். குலுக்கலில் சொத்தை மோட்டார் வந்தவன் என்ன செய்வான் என்று நான் கேட்டேன். சில இடங்களில் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகக் குலுக்குவார்களாம். எங்கள் பள்ளியில் இது தோன்றாமல் போனதே என்று ஒரு நிமிடம் பேசாமல் நின்றேன்.

அமெரிக்காவின் மண் தடங்களில் ஓடும் நிஜக் கார்ப் பந்தயங்களில் இன்னொரு விதி உண்டு. ஜெயித்தவனின் எஞ்சினை, முன்பே அறிவித்த ஒரு தொகையைக் கொடுத்துத் தோற்றவன் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மறுத்தால் பரிசு போச்சு. அந்தத் தொகைக்கு மேல் எவனாவது எஞ்சினில் கொட்டுவானா? நான் படித்த விதிகளில் மனிதனை நன்றாகப் புரிந்துகொண்டு எழுதியது இதுதான்.

இத்தனைக்கும் நடுவில் அந்த வெள்ளி டப்பா 27 சுற்று மோட்டார் சாகவில்லை. டாமியா நடத்தும் பந்தயங்களில் இன்றும் அதற்கென்று வகுப்பு இருக்கிறது. சீல் வைத்தது, பிரிக்கக் கூடாது, விலை மலிவு. பேரனின் கிளப்பிலும் மாதம் ஒருமுறை அதற்கு ஒரு பந்தயம் வைக்கிறார்கள். கார்கள் மெதுவாகத்தான் போகின்றன. ஒரு வளைவில் நான்கு கார் ஒன்றாகப் புகுந்து ஒன்றாக வெளியே வருகிறது. கூட்டம் அன்றைக்குத்தான் அதிகம். அப்பாக்கள், அம்மாக்கள், ஒரு எழுபது வயதுக்காரர் உட்பட எல்லோரும் ஓட்டுகிறார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். முதல் சுற்றிலேயே பலகையில் மோதி முன்சக்கரம் கழன்றது.

பேரன் போன வாரம் பதினேழரையில் பத்துப் பேரில் ஏழாவது. இறங்கி வந்ததும் "தாத்தா, அவன் மோட்டார் செலக்டட் மோட்டார்" என்றான், முதலில் வந்த பையனைக் காட்டி. பந்தயம் முடிந்ததும் ஒரு மேசையில் கார்களை வரிசையாக வைத்து எடை, உயரம், மோட்டார், விளக்கு எல்லாம் பார்ப்பார்கள். அந்தப் பையனின் காரிலும் விளக்கு விட்டு விட்டுத்தான் எரிந்தது. மின்தடையும் எல்லைக்குள்தான். பேரனுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. முள் நிற்க மாட்டேன் என்கிறது என்று ஒருவன் சொல்லும்போது அதட்டுவதில்லை என்று இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து இருவருமாக அவன் மோட்டாரை மீட்டரில் வைத்து அளந்தோம். மின்தடை விதியின் எல்லையை விடக் கொஞ்சம் அதிகம். பின்மூடியை இரண்டு டிகிரி திருப்பி வைத்திருக்கிறான். அடுத்த ஞாயிறு பார்க்கலாம்.

தம்பி, உன் கடையில் பழைய 540 ஏதாவது, குழந்தைகள் கார் மோட்டாராகவோ சின்ன டிரில்லிலோ வந்தால், பிரித்து ஒரு பல்லில் எத்தனை சுற்று என்று எண்ணிப் பார்த்துப் படம் அனுப்பு. 27 இருக்கும் என்று சொல்ல மாட்டேன், அதே டப்பாவில் எத்தனையோ விதமாகச் சுற்றியிருப்பார்கள். எண்ணிவிட்டுச் சொல்.